பெயர்ப்பலகையைச் செய்தது யார்?



வீட்டு வாசலில் மாட்டுகிற மரப் பெயர்ப்பலகை ஒன்றைப் பற்றி இந்த வாரம் உங்களோடு சற்று யோசிக்க விரும்புகிறேன். அற்ப விஷயம் என்று தோன்றலாம். ஆனால் அதிலிருந்து பிறக்கும் கேள்வி, உழைத்துப் பிழைக்கிற ஒவ்வொருவரையும் தொடுகிற கேள்வி.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பாலிடெக்னிக் படித்த பிள்ளை ஒருவன், மேசைமேல் வைக்கத்தக்க சிறிய செதுக்கு யந்திரம் ஒன்றை வாங்குகிறான். அதைக் கொண்டு ஒரு பலகையில் "சூசையப்பர் இல்லம்" என்று எழுத்துகளைக் குடைந்து, சாயமேற்றி, மெருகிட்டு, தன் மாமனுடைய புது வீடு மந்திரிக்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். "என் கையால் செய்தது, மாமா" என்கிறான். பக்கத்தில் நிற்கிற பெரியப்பா நாற்பது வருஷம் உளி பிடித்த தச்சர். அவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ எங்கே அப்பா செய்தாய்? மிஷின் அல்லவா செய்தது!" என்கிறார். பிள்ளையின் முகம் வாடுகிறது.

இருவரில் யார் சொல்வது மெய்? பலகையைச் செய்தது யார்?

இதற்கு விடை சொல்லுமுன், அந்த யந்திரம் என்ன செய்கிறது என்று அறிந்துகொள்வது நியாயம். பட்டறைகளில் சி.என்.சி. என்று சொல்லுகிறார்களே, அதன் சிறிய வகைதான் இது. ஒரு சட்டம், அந்தச் சட்டத்தின்மேல் வலமும் இடமும், முன்னும் பின்னும், மேலும் கீழும் என மூன்று வழியில் நகருகிற ஒரு சிறு மோட்டார், அதன் நுனியில் வேகமாய்ச் சுழலுகிற கூரிய பிட். கணினியில் வரைந்த எழுத்தை ஒரு மென்பொருள் நூற்றுக்கணக்கான கட்டளை வரிகளாக மாற்றுகிறது. "இத்தனை மில்லிமீட்டர் வலப்புறம் போ, இத்தனை கீழே இறங்கு" என்பதே ஒவ்வொரு வரியின் கருத்து. 3018 என்று எண்ணிட்டு விற்கிற வகையில் வேலை செய்யும் இடம் 30 சென்டிமீட்டர் நீளமும் 18 சென்டிமீட்டர் அகலமுமே. வாசல் பலகைக்கு அது போதும்.

எழுத்து வெட்டுவதற்குப் பெரும்பாலும் ஆப்பு வடிவமான பிட்டைப் போடுகிறார்கள். அதன் முனை 60 பாகையுள்ளதாயின், ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடும்போது கோட்டின் அகலம் ஏறக்குறைய 1.15 மில்லிமீட்டர் கூடும். ஆகையால் எழுத்தின் தடித்த இடத்தில் பிட் ஆழ இறங்குகிறது, மெல்லிய இடத்தில் மேலே ஏறுகிறது. கைதேர்ந்த சிற்பியின் உளி செய்வதையே அதுவும் செய்கிறது. பார்க்கிறவர்கள் மயங்குவதில் ஆச்சரியமில்லை.

கட்டளையை முன்கூட்டி எழுதிவைத்து யந்திரத்தைக் கொண்டு நடத்துகிற யோசனை இன்று நேற்று உண்டானதுமல்ல. பிரான்சு தேசத்து லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் 1804-ம் ஆண்டில், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு துணியில் பூவேலை விழச் செய்யும் ஏற்பாட்டை அமைத்தார். நம் பட்டு நெசவாளர் தறியின்மேல் ஏற்றிவைக்கிற ஜக்கார்டுப் பெட்டி அவர் பெயரால் வழங்குவதே. அமெரிக்க நாட்டில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகளுக்காக நினைத்த யோசனையிலிருந்து, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-ம் ஆண்டில் துளையிட்ட நாடாவைப் படித்து உலோகம் கடைகிற யந்திரத்தை நடத்திக் காட்டினார்கள். அந்நாளில் அது ஓர் அறையை அடைக்கும். பின்பு, 2009-ம் ஆண்டில் நார்வே தேசத்தவரான சிமென் ஸ்கோக்ஸ்ருட் என்பவர், உள்ளங்கையளவான அர்டுயினோ பலகையிலேயே இதை நடத்துகிற ஜி.ஆர்.பி.எல். என்னும் மென்பொருளை எழுதி, யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும்படி விட்டார். நம் பிள்ளையின் மேசைக்கு யந்திரம் வந்துசேர்ந்த வழி இதுதான். அவன் பலகைக்குப் பின்னால் இத்தனை பேருடைய புத்தி நிற்கிறது என்பதை மட்டும் இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கேள்விக்கு வருவோம். குருமடத்துப் பாடங்களில் ஒரு பழைய வேற்றுமையைக் கற்பிப்பார்கள். ஒரு காரியம் நடப்பதற்குப் பிரதான காரணம் ஒன்று, கருவிக் காரணம் ஒன்று. அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதைக் கோடாரியின் உதாரணத்தால் விளக்குகிறார். கோடாரி தன் கூர்மையால் மரத்தைப் பிளக்கும். அது கோடாரிக்குச் சொந்தமான செயல். ஆனால் அந்த மரம் கட்டிலாக ஆவது கூர்மையினால் அல்ல, கோடாரியைப் பிடித்தவனுடைய புத்தியிலிருக்கிற கலையினால். கூர்மைக்குக் கட்டில் இன்னதென்று தெரியாது.

இந்த அளவுகோலை வைத்தால், "மிஷின் செய்தது" என்று பெரியப்பா சொன்னது சரியல்ல. யந்திரத்துக்குச் சூசையப்பரையும் தெரியாது, இல்லத்தையும் தெரியாது. மரம் வைக்காமல் வெறும் மேசையில் விட்டாலும் அதே கட்டளைகளை அதே கவனத்தோடு, அதாவது கவனமே இல்லாமல், நிறைவேற்றி முடிக்கும். அப்படிப்பட்டதைச் செய்தவன் என்று சொல்ல முடியாது. உளியைப் போல அதுவும் கருவிதான்.

அப்படியானால் பிள்ளை ஜெயித்துவிட்டானா? சற்றுப் பொறுங்கள். கோடாரிக்கும் இந்த யந்திரத்துக்கும் ஒரு பெரிய பேதம் உண்டு. கோடாரி, பிடித்தவன் கொண்டுபோகாத இடத்துக்கு ஓர் அங்குலமும் போகாது. இந்த யந்திரமோ, பொத்தானை அமுக்கியவன் அறியாத இடத்துக்கும் போகும். ஏனெனில் அது நடப்பது அமுக்கியவனுடைய புத்தியின்படியல்ல, கட்டளையை எழுதினவனுடைய புத்தியின்படி. ஆகையால், வரைபடம் யாருடையது என்று கேட்டே தீரவேண்டும்.

வேறொருவர் வரைந்த படத்தை அப்படியே இறக்கி, இழைத்து அளவெடுத்து விற்கிற பலகையை வாங்கி, பொத்தானை அமுக்கிவிட்டுக் காப்பி குடிக்கப் போனவன் அதைச் செய்தவன் ஆகமாட்டான். கிராமபோன் பெட்டியைத் திருகிவிட்டவன் பாகவதர் ஆவதில்லை. அவன் அந்தப் பலகையைச் செய்வித்தான், அவ்வளவே. அதில் பாவமில்லை, ஆனால் பெருமைக்கும் இடமில்லை.

இன்னொருவன், எழுத்தின் வடிவத்தைத் தானே தீர்மானிக்கிறான். தமிழ் எழுத்தை மரத்தில் வெட்டுவது லேசல்ல என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரியவரும். நம் எழுத்துகளில் சுழியும் வளைவும் அதிகம். "ழ", "ண", "ஞ" போன்றவற்றில் சுழிக்குள்ளே தீவு போல ஒரு சிறு மரத்துண்டு மிஞ்சும். எழுத்தைச் சிறிதாக வைத்தால், ரேகைக்குக் குறுக்கே வெட்டுண்ட அந்தத் துண்டு பெயர்ந்து விழுந்துவிடும். ஆகையால் சுழியைச் சற்றே அகலப்படுத்த வேண்டும், புள்ளியை அடுத்த எழுத்தில் இடியாமல் நகர்த்த வேண்டும், "ல்"-லுக்கும் "ல"-வுக்கும் நடுவே விடுகிற இடைவெளியைக் கண்ணால் பார்த்து நிதானிக்க வேண்டும். இதையெல்லாம் யந்திரம் சொல்லித்தராது.

மரத்தின் காரியமும் அப்படியே. தச்சர் பலகையைக் கையில் எடுத்ததும் ரேகை ஓடும் திசையைப் பார்ப்பார், கணுவைத் தடவிப் பார்ப்பார், வளைந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடி நோக்குவார். யந்திரத்துக்குக் கண்ணில்லை. பலகை ஒரு மில்லிமீட்டர் வளைந்திருந்தால் ஒரு முனையில் எழுத்து தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் விழும். ஈரம் காயாத மாம்பலகையில் வெட்டினால் ஓரமெல்லாம் நார் நாராகக் கிளம்பும். நன்றாய் ஆறிய தேக்கில் அதே கட்டளை கத்தி போட்டது போல் சுத்தமாக வரும். யந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே. வித்தியாசத்தை அறிந்து ஏற்பாடு செய்கிறவன் மனுஷன்.

சாயமேற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அந்த வேலையில் யந்திரம் ஒத்தாசைக்கு வராது. வர்ணம் வேறு, சாயம் வேறு. வர்ணம் மரத்தின்மேல் படிந்து, கீழே என்ன இருந்தாலும் மூடிவிடும். சாயம் மரத்துக்குள் இறங்குகிறது. உள்ளே இருப்பதை வெளியே காட்டுகிறது. உப்புத்தாளை 120, 180, 220 என்று வரிசையாக, ரேகையோடு ரேகையாகத் தேய்த்திருந்தால் சாயம் ஒரே சீராகப் பிடிக்கும். பொறுமையின்றிக் குறுக்கே தேய்த்திருந்தால், அதுவரை கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் கறுப்புக் கோடுகளாக எழுந்து நிற்கும். பசை சிந்திய இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைத் திட்டாக நிற்கும். பலகையின் வெட்டு முகம், நடுப்பாகத்தைவிட அதிகம் குடித்துக் கறுத்துப்போகும். எழுத்துக்குள் மட்டும் சாயம் வேண்டுமானால், வெட்டுமுன்பே பலகையின் மேல்முகத்தில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மெருகை இரண்டு முறை பூசிக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் சாயம் ரேகை வழியே கசிந்து, எழுத்தெல்லாம் அழுது வழிந்தாற்போல் ஆகிவிடும். முதலில் அதே மரத்தின் கழிவுத் துண்டில் பூசிப் பார்ப்பவன் புத்திசாலி.

ஆக, சாயத்துக்குப் பலகையை யார் வெட்டினார்கள் என்ற விசாரணை இல்லை. யார் கவனித்தார்கள் என்றே அது பார்க்கிறது. யந்திரம் அரை மணியில் முடித்த வேலையில் மனுஷனுடைய கவனம் எவ்வளவு சேர்ந்தது என்பது அங்கே வெளிப்பட்டுவிடும்.

ஆகையால் நம் தீர்ப்பு இது. ஒருவனுடைய புத்தியும் கவனமும் ஒரு பொருளுக்குள் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறதோ, அவ்வளவு தூரம் அது அவனுடைய வேலை. கையில் பிடித்தது உளியா, யந்திரமா என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி. எழுத்தைத் தானே அமைத்து, மரத்தைத் தானே தெரிந்து, தேய்த்து, சாயமேற்றிய பிள்ளை, "நான் செய்தேன்" என்று சொல்லலாம், அது மெய். ஆனால் "கையால் செதுக்கினேன்" என்று சொல்லக்கூடாது, அது மெய்யல்ல. செய்தல் ஒன்று, செதுக்குதல் ஒன்று. பெரியப்பாவின் கோபத்தில் இருந்த நியாயமும் இதுவே. பிள்ளைக்குச் சேரவேண்டியதை அவர் மறுத்தார். ஆனால் தனக்குச் சேரவேண்டியதைப் பிள்ளை எடுத்துக்கொண்டான் என்றே அவர் மனம் நொந்தது.

ஒரு சொல்லுக்காக இத்தனை வழக்கா என்று சிலர் கேட்பார்கள். வீட்டுக்குள் கொடுத்து வாங்குகிற பரிசாயிருந்தால் அது ஒரு சொல்தான். கடைத்தெருவுக்கு வந்துவிட்டால் அந்தச் சொல் ஒருவருடைய சோறு.

முன்னே தென்னார்க்காடு ஜில்லாவில் நம்மோடு ஒன்றாயிருந்த கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கங்களில் மரச்சிற்பத் தொழிலையே நம்பி வாழ்கிற குடும்பங்கள் உண்டு. பெரம்பலூர் ஜில்லா அரும்பாவூரில் வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் உருவம் செதுக்குகிறார்கள். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ம் ஆண்டிலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்ன ஊரின் பெயரை இன்ன பொருளுக்கு மட்டுமே சொல்லலாம் என்று காப்பதற்காகச் சட்டம் கொடுக்கிற அடையாளம் அது. அங்கே ஒரு சிற்பி, சிற்றுளியும் கொட்டாப்புளியுமாக நாட்கணக்கில் உட்கார்ந்து ஓர் உருவத்தை வெளியே கொண்டுவருகிறார். இன்னொருவர் அதே உருவத்தை யந்திரத்தில் வெட்டி, மேலே நாலு உளித்தடம் போட்டு, "கைவேலை" என்று சீட்டு ஒட்டி, சிற்பி கேட்கிற கிரயத்தில் பாதிக்கு விற்றால் நடப்பதென்ன? வாங்குகிறவர் ஏமாறுகிறார், அது எட்டாம் கற்பனைக்கு விரோதம். சிற்பியின் பிழைப்பு பறிபோகிறது; அது ஏழாம் கற்பனையையும் தொடுகிறது. பொய்யும் களவும் ஒரே சீட்டில் ஒட்டிக்கொண்டு போகின்றன.

நெசவாளர்கள் இந்த வழக்கை நமக்கு முன்பே பார்த்தவர்கள். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்கிற அநியாயம் பெருகினபடியால், சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ம் ஆண்டில் சட்டம் செய்தார்கள்; 2006-ம் ஆண்டில் கைத்தறி முத்திரை என்னும் அடையாளமும் வந்தது. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஜக்கார்டுப் பெட்டி ஏற்றிய தறியும் கைத்தறிதான். பூவேலைக்கு அட்டை கட்டளையிடுகிறது. ஆனாலும் தறியை ஓட்டுவது கையும் காலும் என்பதால் அதைக் கைத்தறி என்பது மெய்யாகிறது. யந்திரத்தின் வாடையே படக்கூடாது என்று நெசவாளர்கள் கேட்கவில்லை. இன்னது இன்னபடி செய்யப்பட்டது என்று உள்ளபடி சொல்லுங்கள் என்றுதான் கேட்டார்கள். அவ்வளவு கேட்பதற்கு மரச்சிற்பிக்கும் உரிமை உண்டு.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும்பலாம். "சாமி, உண்மையைச் சொல்லி விற்றாலும் மலிவானதைத்தானே ஜனங்கள் வாங்குவார்கள்? அப்போதும் சிற்பிக்கு வேலை குறையாதா?" குறையும். இதை மழுப்புவதில் பிரயோசனமில்லை. நேரான எழுத்தையும் ஒரே மாதிரிப் பூக்கோலத்தையும் யந்திரம் மலிவாகச் செய்யும் காலத்தில், அதே வேலைக்குக் கையை நம்பியிருந்தவருக்கு நஷ்டம் வரத்தான் செய்யும். உண்மையான சீட்டு அந்த நஷ்டத்தை முழுவதும் தீர்க்கும் மருந்தல்ல. ஆனால் சீட்டு உண்மையாயிருந்தால் சிற்பிக்கு ஒரு வழியாவது திறந்திருக்கும்: கையின் வேலையை வேண்டுமென்று தேடுகிறவர் அவரைக் கண்டுபிடிக்க முடியும். சீட்டே பொய்யானால் அந்த வழியும் அடைந்துபோகும்.

பழைய சரித்திரம் ஒன்றும் இங்கே உதவும். 1578-ம் ஆண்டில் கொல்லத்தில், அண்டிரிக் சுவாமியார் மொழிபெயர்த்த "தம்பிரான் வணக்கம்" அச்சாயிற்று. இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சேறிக் கிடைத்திருக்கிற புத்தகங்களில் அதுவே பழையது. பதினாறு பக்கமே உள்ளது. அதுவரை எழுத்து என்றால் ஓலையும் எழுத்தாணியும் கையும்தான். அச்சு வந்ததால் ஏடெழுதுகிறவரின் தொழில் காலப்போக்கில் மறைந்தது, அது மெய். ஆனால் அச்செழுத்து தானாக முளைக்கவில்லை. கோவாவில் ஜுவான் கொன்சால்வெஸ் என்பவரும், கொல்லத்தில் ஜுவான் தெ ஃபாரியா என்பவரும் நம் எழுத்தின் வளைவையும் சுழியையும் பார்த்துப் பார்த்து வார்த்தார்கள். நாலரை நூற்றாண்டு கழிந்தும் அவர்கள் பெயர் நமக்குத் தெரிகிறது. யந்திரம் நுழைகிற இடத்திலும் வேலை செய்தவர் பெயரை மறைக்காமல் வைக்கலாம் என்பதற்கு இது சாட்சி.

1981-ம் ஆண்டில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர், மனித வேலையைப் பற்றி எழுதிய நிருபத்தில் இதன் வேரையே காட்டினார். வேலைக்கு மதிப்பு வருவது முதலாவது செய்யப்பட்ட பொருளால் அல்ல, செய்கிறவன் மனுஷனாயிருப்பதால் என்பது அவர் போதனையின் சாரம். ஆகையால் யந்திரத்தைப் பற்றி நாம் கேட்கவேண்டிய கேள்வி, அது எவ்வளவு சீக்கிரம் வெட்டுகிறது என்பதோடு நின்றுவிடலாகாது. அதைப் பிடிக்கிற பிள்ளை அதனால் தேர்ந்தவனாகிறானா, சோம்பேறியாகிறானா? அதன் பக்கத்தில் வாழ்கிற சிற்பி மதிக்கப்படுகிறாரா, மறக்கப்படுகிறாரா? இதையும் கேட்க வேண்டும்.

முடிவாக, குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்.

பெற்றோரே, பிள்ளை இப்படிப்பட்ட யந்திரத்தில் ஆசை வைத்தால் "விளையாட்டுச் சாமான்" என்று தள்ளாதேயுங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் துணியும் போடச் சொல்லுங்கள். மரத்தூள் நெஞ்சுக்கு ஆகாது. அதோடு, பக்கத்துத் தெருத் தச்சரிடம் சில நாள் அனுப்பி, ரேகை பார்க்கவும் இழைப்புளி தள்ளவும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். மரம் தெரியாதவன் கையில் எந்த யந்திரமும் விறகு வெட்டுகிற யந்திரமே.

இளைஞரே, பிறருடைய படத்தை எடுத்தால் அவர் அனுமதி என்ன என்று பாருங்கள்; விலை கேட்டிருந்தால் கொடுங்கள்; சும்மா கொடுத்திருந்தால் நன்றியோடு அவர் பெயரைச் சொல்லுங்கள். ஒரு சிற்பி செதுக்கிய உருவத்தை அவர் அறியாமல் படமெடுத்து வெட்டி விற்பது திருட்டு. பலகையின் பின்புறத்தில் நாலு வார்த்தை எழுதிவையுங்கள்: எழுத்து அமைத்தது இன்னார், யந்திரத்தில் வெட்டியது, சாயமும் மெருகும் இன்னார். அதனால் உங்கள் மதிப்புக் குறையாது.

வாங்குகிறவர்களே, "கைவேலையா?" என்று கேளுங்கள். "மிஷின் வேலை" என்று ஒருவர் உண்மையைச் சொன்னால், அந்த உண்மைக்காகவே அவரிடம் வாங்கலாம். "கைவேலை" என்று ஒருவர் மெய்யாகச் சொன்னால், அவரோடு பேரம் பேசுமுன் அவர் உட்கார்ந்திருந்த நாட்களை எண்ணிப் பாருங்கள்.

பெரியோரே, பிள்ளை செய்து கொண்டுவந்ததை முதலில் கையில் வாங்கி, நன்றாயிருப்பதை நன்றாயிருக்கிறது என்று சொல்லுங்கள். உளியைப் பற்றிய பாடத்தை அதற்கப்புறம் தொடங்கலாம். அப்படித் தொடங்கினால்தான் அவன் காதில் ஏறும்.

உங்கள் பங்குச் சுவாமியார்,
புவனகிரி